வாயில் பஞ்சு

பஜார் கடையை விட்டுக்கொடுப்பதில்லை என்றிருந்த கனியப்பன், கடைவாய்ப்பல் வலி தாங்காமல் பாகப்பிரிவினையைத் தள்ளிவைக்கச் சொன்னான். அண்ணன் வேலாயுதம் எந்தச் சரக்கையும் நேரம் பார்த்து இறக்குகிறவர். "சொத்தை வேர்வரைக்கும் போயிருச்சுடா, பிடுங்கிட்டே வந்திரலாம்" என்று தானே கூட்டிப்போய்ப் பிடுங்கவைத்து, மரத்த கன்னத்தோடு நேரே பெரியவர்கள் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார். ரத்தம் நிற்கும்வரை பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"பஜார் கடை பெரியவனுக்கு. மழைத்தண்ணி ஏறுற சரக்குக் கிட்டங்கி சின்னவனுக்கு. என்ன கனி, சம்மதந்தானே?" என்றார் செல்லையா மாமா.

கனியப்பன் பதறிக் கையை உயர்த்தினான். நாக்கு புரளவில்லை, ஊளைதான் வந்தது. உதட்டோரம் ரத்தம் வழிந்தது.

"பாவம், புள்ளைக்கு வலி உயிர் போகுது. சட்டுனு தாம்பூலத்தை மாத்துங்க மாமா" என்றார் அண்ணன்.

வெற்றிலைத் தட்டு கைமாறியது. இனி அந்தப் பேச்சை எவனும் மாற்ற முடியாது. அண்ணி கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கொண்டுவந்தாள். அண்ணன் தம்பியின் வாயைத் தன் துண்டால் துடைத்து, பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, ஸ்பூனை நீட்டினார்.

"கூடப்பிறந்தவன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று மாமா கண்கலங்கினார்.

கனியப்பன் வாயைத் திறந்தான்.