முதல் பந்தி

போடியில் இப்போதுதான் முதல் ரோபோ போட்டி. நடத்துவது ரெபேக்காள் டீச்சரின் பள்ளி. இறுதிச் சுற்றில் மதுரை அணியோடு மோதியதும் அவளுடைய மாணவி முத்துப்பிரியாதான். முத்துப்பிரியாவின் ரோபோ ஏலக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டை நெருங்க நெருங்க, டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது.

"வேண்டிக்கிட்டே இருக்கீங்க போல டீச்சர்" என்றார், பரிசுக் கோப்பை வாங்கித் தந்த ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரன்.

"காலையிலருந்து அதான் அண்ணே சோலி."

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது ரோபோ நின்றுவிட்டது. மதுரை அணி முந்திக்கொண்டது. முத்துப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க சாமி கண்ணத் தொறக்கலையே டீச்சர்."

ரெபேக்காள் இப்போதுதான் மூச்சுவிட்டாள்.

"தொறந்துட்டாரு அண்ணே. மொத மொத நாலு ஊரக் கூப்பிட்டுருக்கோம். வீட்டுக்காரங்களே மொதப் பந்தியில உக்காந்துட்டா, அடுத்த வருசம் எவன் வருவான்?"