எண்பதைத் தொட்ட முள்

"இந்த ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பாருங்க. பார்த்துட்டு சாவியை என்கிட்ட குடுங்க. அவர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க."

மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லிவிட்டு மகள் அப்பாவை முறைத்தாள். அப்பா அவள் பக்கமே திரும்பவில்லை. ஒர்க்‌ஷாப் கூரையில் தொங்கிய பல்பை ரசித்துக்கொண்டிருந்தார்.

"கார்ல என்ன தொந்தரவு?" மெக்கானிக் பெண் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தொந்தரவு கார்ல இல்ல, ஓட்டுறவர்கிட்ட. அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்து இன்னும் தேறக்கூட இல்ல. அவங்களைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு தினம் சாயங்காலம் எண்பதுல பறக்குறார். நேத்து பின்சீட்ல நானும் இருந்தேன். முள் எண்பதைத் தொட்டதும் கண்ணை இறுக்கி மூடினவதான். வீடு வந்துதான் திறந்தேன்."

"சரி, முள்ளுக்கு என்ன?"

"சண்டை போட்டா, முள்ளுல கோளாறுங்கிறார். கோளாறு இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. காரை இன்னைக்கே வித்துடுறேன்."

"கோளாறு இருந்தா இருந்துட்டுப் போகுது," என்றார் அப்பா பல்பைப் பார்த்தபடியே. "என் காரு, என் முள்ளு. யாரும் தொட வேண்டாம்."

வாசலில் நின்றிருந்தது அந்தக் காலத்துப் பச்சைக் கார். முன்சீட்டில் அம்மா.

"கொஞ்சம் இறங்குறீங்களாம்மா?" என்றாள் மெக்கானிக்.

"நான் எதுக்கு இறங்கணும்? ரிப்பேர் முள்ளுக்கா, எனக்கா?"

அம்மாவோடு சேர்த்தே காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள் மெக்கானிக். இறங்கி அப்பா, மகள் பக்கம் வரும்போதே சிரிப்பு.

"முள் எண்பதுங்குது. என் போன் ஜிபிஎஸ் நாப்பதுங்குது. ஸ்கூட்டர்ல வந்த ஒரு அம்மா, 'ஓரமா உருட்டுங்க'ன்னு திட்டிட்டுப் போறாங்க!"

மகளுக்கு முகம் சிறுத்துப் போனது.

மெக்கானிக் மீட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றி விரலால் உருட்டிப் பார்த்தாள். சிக்காமல் சுற்றியது. டயர் சரியான அளவு. கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரமும் ஒழுங்கு. கடைசியில் மீட்டரையே கழற்றி உள்ளே மேஜைக்குக் கொண்டுபோனாள். அப்பாவும் மகளும் பின்னாலேயே போனார்கள்.

கண்ணாடி வளையத்தில் புதுக் கீறல்.

"இது தானா வந்த கோளாறு இல்ல. முள்ளை இழுத்துப் பிடிக்கிற சுருள்கம்பியை யாரோ தளர்த்தி விட்டிருக்காங்க. பிடி தளர்ந்தா முள் எகிறத்தானே செய்யும்? ரொம்பச் சின்ன ஸ்க்ரூடிரைவர். மூக்குக்கண்ணாடிக்குப் போடுவாங்களே, அது மாதிரி."

அப்பாவின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

"அப்பா!" மகள் கத்தினாள். "இந்த வயசுல இப்படி ஒரு பந்தாவா? நாப்பதுல உருட்டிக்கிட்டு எண்பதுன்னு பீத்திக்கவா?"

"ஆமா, பீத்திக்கத்தான். இப்ப என்னங்குற?"

"ரெண்டு நிமிஷம், இறுக்கிடுறேன்." மெக்கானிக் இடுக்கியை எடுத்தாள்.

அப்பா சட்டென்று மீட்டர் மேல் கையை விரித்து மூடினார்.

"கை வைக்காதேம்மா. போலீஸையே கூப்பிட்டாலும் சரி, விட மாட்டேன்."

மகள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தால டாக்டர் நம்மகிட்ட என்ன சொன்னார்? நீயே சொல்லு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. எண்பதைத் தொடுவது கஷ்டம்தான் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

"ரூம் கதவு திறந்திருந்தது. அவ கேட்டுட்டா. வீட்டுக்கு வந்ததும் கார்ல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, 'எண்பதைத் தொடுங்க, பார்த்துடுவோம்'னா. நிஜமாவே எண்பதுல போனா ஒரு பள்ளம் போதும், அவ உடம்பு தாங்காது. போகலைன்னா மனசு தாங்காது. அதான் முள்ளை மட்டும் அனுப்பினேன்."

அப்பா நிமிர்ந்தார்.

"எந்த டாக்டர் என்ன சொன்னா என்ன? தினம் எண்பதைத் தொடுறா அவ. நான் தொட வைப்பேன்."

மெக்கானிக் இடுக்கியைக் கீழே வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து, மீட்டரை இருந்தபடியே கொண்டுபோய் மாட்டினாள். சாவியை மகளிடம் கொடுத்தாள்.

மகள் காருக்குப் பக்கத்தில் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டபடி அம்மா கேட்டாள்:

"என்ன, முள்ளைத் திருத்தியாச்சா?"

"ஒரு கோளாறும் இல்லையாம்மா. எண்பதுன்னா எண்பதுதானாம்."

"யார்கிட்டடி கதை விடுறே? கையை வெளியே நீட்டினா காத்து சொல்லாதா எனக்கு? இது நாப்பதுன்னு எப்பவோ தெரியும்."

மகள் திகைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டேவா தினம் எண்பது எண்பதுன்னு அவரை விரட்டுறே?"

"முதல்ல வீம்புக்குத்தான் கேட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். டாக்டர் சொன்னதுல இருந்து மனுஷன் சாப்பிடலை, தூங்கலை. அந்த முள் எண்பதைத் தொடும்போதுதான் அவர் முகத்துல உசிரே வருது. அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே."

அப்பா வந்துகொண்டிருந்தார். மகள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள்.

"போலாமா? இன்னைக்கும் எண்பதுதான்!" என்றார் அப்பா நெஞ்சை நிமிர்த்தி.

"தொட்டே ஆகணும்!" என்று அம்மா சவால் விட்டாள். கார் இருமிக்கொண்டு கிளம்பிய சத்தத்தில், பின்பக்கமாகச் சாய்ந்து மகள் காதில் மட்டும் சொன்னாள்:

"நாப்பதுலயே போகட்டும்டி. எண்பதுக்கு நான் மெதுவாவே போய்ச் சேர்ந்துக்கிறேன்."