பிளஸ் டூ ரிசல்ட்டும் ஒரு சதியும்

மனிதர்களில் இரண்டே வகைதான். மூளை இல்லாதவன் புகார் கொடுப்பான்; மூளை உள்ளவன் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிப்பான். புதுச்சேரி லாஸ்பேட்டை உலகுக்கு வழங்கிய ஒரே தத்துவம் இது. வழங்கியவர், பிரௌசிங் சென்டர் கொளஞ்சி.

2006, பிளஸ் டூ ரிசல்ட் நாள். வருடத்தில் அவர் கடை நிறையும் ஒரே நாள். போன வாரம்தான் கடைக்கு மேலே இருந்த தன் வீட்டு டெலிபோன் லைனிலேயே பிராட்பேண்ட் இழுத்து, ஆறு கம்ப்யூட்டருக்கும் கொடுத்திருந்தார். காலையிலிருந்து அது வருவதும் போவதுமாக இருந்தது.

"அண்ணே, நம்பர் அடிச்சேன், நின்னுடுச்சு. நான் பாஸா, ஃபெயிலா?"

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியல? உக்காருடா."

"ஒரு கம்ப்ளெயின்ட் குடுங்கண்ணே. இன்னொரு வாட்டி நின்னா, எதிர்க்கடைக்குப் போயிடுவோம்."

"கையாலாகாதவன் குடுப்பான் கம்ப்ளெயின்ட்டு!"

எதிர்க்கடை பிரேம்குமார்! "உன் கடைக்குப் பூட்டு போட வெக்கிறேன் பாரு" என்று நடுத்தெருவில் சவால் விட்டவன். சதி அவனுடையதுதான். ஆனால், உள்ளே ஆள் இல்லாமல் எப்படி?

மறுபடி நெட் நின்றது. கொளஞ்சி கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். கூட்டம் அடங்கியதும் மாடியில் யாரோ கிசுகிசுப்பது கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடையில் படியேறினார்.

அவர் மனைவி பூர்ணிமா, வாயைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, இப்பவும் நின்னுடுச்சு. ஆறும் அவுட்டு. கீழ கத்திக்கினு கெடக்குறாரு... ஐயையோ, அவருக்குத் தெரியாது! தெரிஞ்சா தொலைச்சிடுவாரு."

பதினோரு வருடமாக ஓர் உளவாளி கையால் சாப்பிட்டிருக்கிறார்!

பாய்ந்து போனைப் பிடுங்கினார். "டேய் பிரேம்குமாரு! மாட்டுனியா?"

"சார், இது டெலிபோன் கம்ப்ளெயின்ட் ஆபீஸ். நெட்டு போவுது, போவுதுன்னு வீட்டுக்காரம்மா காலையிலேர்ந்து விடாம கூப்புடறாங்க. ஆமா, இது நெட்டு வர்ற அதே லைன்ல இருக்குற போனா? அதுக்குத் தனியா ஃபில்டர்னு ஒரு சின்ன டப்பா மாட்டணும் சார். மாட்டாம போன எடுத்தா, பேச்சும் நெட்டும் மோதிக்கினு நெட்டு நின்னுடும்."

பூர்ணிமா தலையில் அடித்துக்கொண்டாள். "மொதல்ல எங்க அக்காகிட்ட பேசனப்ப நின்னுது. அப்புறம் எல்லாம் கம்ப்ளெயின்ட்டாலதானா? ஏங்க, மொதல்ல போன வைங்க!"

கீழே நாற்காலிகள் நகரும் சத்தமும், "எதிர்க்கடைக்கு வாங்கடா" என்ற குரலும் கேட்டன.

"சும்மா இருடி" என்று கதவைச் சாத்திய கொளஞ்சி, குரலைத் தாழ்த்தி, ஃபில்டர் கொடுக்காத ஆபீஸைப் பற்றித் தன் பெயரில் ஒரு புகாரை விலாவாரியாகச் சொல்லி முடிக்கும்வரை, கீழே ஆறு கம்ப்யூட்டரும் அசையவே இல்லை.