ஒன்றரை மணி மெஷின் சத்தம்

"பொண்டாட்டிகிட்ட பொய் சொல்றதுக்கு என் ஸ்டுடியோதான் கெடச்சுதா?" என்று ஷாஜின் கேட்டே விட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த கோபி தலையைக் குனிந்துகொண்டான்.

ஆம்பூர் பஜாரில், ஒரு மாடி அறையில் இருந்தது ஷாஜினின் ஸ்டுடியோ. சர்ச் பாட்டோ கடை விளம்பரமோ, எது வந்தாலும் பதிவு செய்து கொடுப்பான். அவன் கம்ப்யூட்டரில் ஒலியை மாற்றும் விதவிதமான பிளக்-இன்கள் உண்டு. ஒன்றைத் தட்டினால் குரல் பெரிய சர்ச்சுக்குள் ஒலிக்கும். இன்னொன்றைத் தட்டினால் கல்யாண மண்டபத்தில் ஒலிக்கும்.

கோபி கேட்டது ஷூ கம்பெனி.

வெளிநாட்டு ஆர்டர் கம்மியானதில் அவனுடைய சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. மனைவி மேகலாவோ தலைப்பிரசவத்துக்கு ராணிப்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தாள். பிரஷர் ஜாஸ்தி, அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு வேலைக்கு நடுவே அவளோடு ரெண்டு வார்த்தை பேசுவது கோபியின் வழக்கம். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்காவிட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாளே என்றுதான் பயம்.

"இருந்தாலும் பொய் பொய்தானேங்க" என்றான் ஷாஜின்.

"பாத்ரூம்ல பாடுறவனையெல்லாம் சர்ச்சுல பாட வெக்கிறீங்களே, அது மட்டும் இன்னா சார்?"

ஷாஜின் முணுமுணுத்துக்கொண்டேதான் வேலையில் இறங்கினான். இறங்கிய பிறகு தொழில் விடுமா? எங்கோ பதிவான மெஷின் சத்தத்தை எடுத்து, தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டுக்குள் ஓடுவதுபோல ஆக்கினான். மேகலா கேட்கப்போவது போனில் அல்லவா? போன் ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கும் என்று காட்டும் பிளக்-இன்னிலும் போட்டுப் பார்த்துத் திருத்தினான்.

மறுநாளிலிருந்து ஒன்றரை மணிக்கு கோபி வந்துவிடுவான். ஷாஜின் கதவைச் சாத்தி, அறையின் ஸ்பீக்கரில் மெஷினை ஓட விடுவான். நடுவில் நின்றுகொண்டு கோபி, "தையல் லைன்லதான் இருக்கேன்மா, மாத்திரை போட்டியா?" என்பான்.

கேட்கக் கேட்க ஷாஜினுக்கு மனசு உறுத்தியது. கல்யாணத்துக்கு முன் அதே கம்பெனியில் நாலு வருஷம் தைத்தவளாம் அந்தப் பெண். அவளையே இப்படி நம்ப வைத்து ஏமாற்றுகிறானே, இதற்கு நாமும் உடந்தையாகிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

அன்றைக்கும் கோபி பேசி முடித்தான். போனை சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே போனான். ஷாஜின் மெஷினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் அடித்தது. மேகலா. பிரசவ வலியாக இருக்குமோ என்று பதறி எடுத்தான்.

"கோபி டீக்குப் போயிருக்கார்மா. நான் அவர் கூட வேலை செய்றவன்."

உபதேசம் செய்த வாய்தான் அது.

 

"அண்ணா, மெஷின் சத்தம் போட்டுக் குடுக்கிறது நீங்கதானா?"

கோபி வருகிறானா என்று ஷாஜின் கதவுப் பக்கம் பார்த்தான்.

"நான் அங்க தெச்சவண்ணா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, இந்நேரம் ஜும்மா தொழுகைக்கு மெஷின் எல்லாம் நிறுத்திடுவாங்க. அவருக்குத் தெரியாததா? வேலை இல்லாம சுத்துறதுல கிழமையே மறந்து போச்சு போல."

அப்போதுதான் ஷாஜினுக்கு உறைத்தது. சத்தம் புகாத அறை. தெருவில் பள்ளிவாசல் பாங்கு சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கேன். வேலை போனா இன்னொண்ணு கெடைக்கும். அவர் மனசு விட்டுட்டாருன்னாதான் பேஜாரு."

"உனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"ஐயோ, வேணாண்ணா. என்னைப் பத்திரமா பாத்துக்கிறோம்ங்கிற நிம்மதியிலதான் அவர் ரெண்டு வாய் சாப்பிடுறாரு. இனிமே வெள்ளிக்கிழமை மட்டும் மறக்காம மெஷினை நிறுத்திடுங்க. மத்த நாள்ல இன்னும் கொஞ்சம் சத்தமாவே போடுங்க, நான் நல்லா நம்புறேன்."