சிவப்புப் பொட்டு

இப்போதெல்லாம் சிறுவர் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்வது இயந்திரம். செய்த தப்புக்குப் பையன் வருந்துகிறானா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுமாம். கிழித்தது போங்கள்.

என் பேரன் தவசிக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே யார் கண்ணையும் பார்க்கமாட்டான். சக்கரம் சுற்றுவதை வேடிக்கை பார்க்கப் பக்கத்துத் தெரு சைக்கிளை எடுத்துவந்தான். திருட்டு என்றார்கள்.

"அந்த மெஷினோட சிவப்புக் கண்ணைப் பாக்கலைன்னா உள்ளதான், பெரியவரே" என்றாள் வக்கீலம்மா.

வீட்டுச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினேன். அவன் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தேன். நன்றாகப் பழகிவிட்டான்.

நீதிமன்றத்தில் தவசி இயந்திரத்தின் கண்ணை நேராகப் பார்த்தான். பல் தெரியச் சிரித்துக் கையை நீட்டினான்.

"வருத்தம் இல்லை. ஓராண்டு" என்றது இயந்திரம்.

"இளிச்சுக் கெடுத்துட்டானே!" என்று வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பீல் இருக்கு. அதுக்குள்ள பொட்டைப் பாத்தா அழுற மாதிரி பழக்குங்க."

"அது எப்படிம்மா?"

"சிரிக்க மட்டும் எப்படிப் பழக்குனீங்க?" என்றாள்.

நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. இன்று சிறுவர் இல்லத்தில் அவனைப் பார்க்க விடுவார்கள். சட்டைப் பையில் பொட்டு இருக்கிறது. மிட்டாய் வாங்கவில்லை.