கிட்டங்கிக்கு இரண்டு பூட்டு

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. பெரியவரைக் காணவில்லை.

வாசலில் எழுபது பிள்ளைகள் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். கதவு திறந்த பாடில்லை.

தலைமை ஆசிரியர் என்று பேர்தான் எனக்கு. பள்ளிக்கூடத்தின் சாவி என்னிடம் கிடையாது.

முன்பு இது புளி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி. குத்தாலிங்கமும் அவர் தம்பி சிவசைலமும் கூட்டாக வியாபாரம் செய்தார்கள். கூட்டு முறிந்தபோது, ஒருவரை ஒருவர் நம்பாமல் ஆளுக்கொரு பூட்டைப் போட்டார்கள். அதோடு பேச்சும் நின்றது. புளி போய், ஐம்பத்தாறில் பள்ளிக்கூடம் வாடகைக்கு வந்தது. பூட்டுகள் மட்டும் போகவில்லை.

ஏழு வருடமாக இதே கதைதான். காலை ஒன்பதுக்கு இரண்டு பேரும் வருவார்கள். பெரியவர் தன் பூட்டைத் திறந்த பிறகுதான் சின்னவர் தன்னுடையதைத் திறப்பார். சண்டையிலும் மூத்தவருக்கு முதல் மரியாதை! சாயங்காலம் அதே முறையில் பூட்டிவிட்டுப் போவார்கள். விடுமுறை நாளில்கூட இரண்டு பேரும் வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அவ்வளவு சந்தேகமா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்தப் பூட்டுகளை நான் தொட்டதுகூட இல்லை. தொட்டால் யார் வீட்டுப் பழி வந்து விழுமோ?

பேச வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான்.

"மழ பெய்யுது. கொட இருக்கான்னு கேளுங்க சார்வாள்" என்பார் சின்னவர், இரண்டடி தள்ளி நிற்கும் அண்ணனைக் காட்டி. கேட்பேன். "இருக்குன்னு சொல்லுங்க" என்பார் பெரியவர். சொல்வேன். அரசாங்கம் தருகிற சம்பளம் இதற்கும் சேர்த்துத்தான் போல.

இன்று சின்னவர் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். சாவியை விரலில் சுற்றியபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பூட்டையும் திறக்கவில்லை. முறை தவறக் கூடாதாம்.

நேரத்துக்குத் திறக்காத பள்ளிக்கு இனி அங்கீகாரம் இல்லை என்று போன தடவையே இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போயிருந்தார். அங்கீகாரம் போனால் இந்த எழுபதில் பாதி பீடி சுற்ற உட்கார்ந்துவிடும். பொறுத்தது போதும் என்று, பக்கத்துத் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்யும் அகமது கபீரைக் கையோடு கூட்டிவந்தேன்.

"மூத்தவருக்குக் காய்ச்சலாம். ஆளு எந்திரிக்கவே இல்லையாம்" என்றார் கபீர், வந்ததும் வராததுமாக.

சின்னவர் விரலில் சுற்றிய சாவி நின்றது. "டாக்டரு வந்து பாத்தாரான்னு கேளுங்க சார்வாள்" என்றார். கபீரோடு இவருக்கு என்ன சண்டை? பழக்கதோஷம்.

கபீர் தெரியாது என்று தலையாட்டினார்.

நான் பெரியவர் பூட்டைக் காட்டி, "ஒடச்சிருங்க பாய்" என்றேன்.

சின்னவர் குறுக்கே வந்து கதவோடு ஒட்டி நின்றார். "அவரு பூட்டுல ஆரும் கைய வைக்கப்படாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடப் பிறந்தவர் காய்ச்சலில் கிடக்கிறார், வாசலில் பிள்ளைகள் நனைகின்றன, இவருக்குப் பூட்டு பெரிதாகப் போய்விட்டது. தோளைப் பிடித்து விலக்கினேன்.

கபீர் சுத்தியலை எடுக்கவில்லை. பூட்டைப் பிடித்து லேசாக இழுத்தார். திறந்துகொண்டது. பக்கத்துப் பூட்டையும் இழுத்தார். அதுவும் அப்படியே.

"இதுக்கா என்னயக் கூப்பிட்டிய? ரெண்டும் உள்ள தேஞ்சுபோயி அஞ்சு வருசமாச்சு. மாத்துங்கன்னு அண்ணாச்சிமாரு ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியாச் சொன்னேன். வேண்டாம்னுட்டாக. அடுத்தவருகிட்டச் சொல்லிராதன்னு ரெண்டு பேருமே சத்தியம் வேற வாங்கிட்டாக."

சொன்ன பிறகுதான் கபீர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சின்னவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணனுக்கும் தெரியுமா?" என்று கபீரையே நேராகக் கேட்டார். என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

பூட்டாத பூட்டைச் சாக்கு வைத்து ஒருவரை ஒருவர் பார்க்க வந்திருக்கிறார்கள். இத்தனை நாளும் இதைப் போய்ச் சந்தேகம் என்று நினைத்தேனே, நானெல்லாம் ஒரு வாத்தியார்.

இரண்டு பூட்டையும் பழையபடி மாட்டி அழுத்தினேன்.

"ஒங்க அண்ணன் சாவி வராம நான் பள்ளிக்கூடத்தத் தொறக்க மாட்டேன். நீங்களே அவுக வீட்டுக்குப் போயி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

 சின்னவர் குடையைக்கூட எடுக்காமல் ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கிப் போனார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார். கதவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்தார். 

"பூட்டை உடைக்க இந்த ஊரில் ஓர் ஆள் கிடைக்கவில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கபீர் சுத்தியலோடு எழுந்து நின்றார்.

"நாந்தான் சார் பூட்டு வேல பாக்குதவன். காலையில இருந்து மல்லுக்கட்டுதேன். இது ஒடையாத பூட்டு சார்."