வைக்கிங்கின் பேரன்

டூங்கபிப் புறநகரிலிருந்து வந்த கார் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கிறது. மழை விட்டும் வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சிடுகிறது. வரதராஜா அதை நிறுத்த மறந்து, மகள் ஆரபி சொல்வதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை வகுப்பில் பேசவேண்டிய வரலாற்றுக் கதையை அவள் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறாள்: படகேறி வந்த வைக்கிங்குகள் பிரான்சில் குடியேறி நோர்மன்கள் ஆனார்கள், முதல் தலைவனின் பேரன் வளர்ந்த ஊரில் அவர்களுடைய பழைய மொழியைப் பேச ஆளில்லை, அதைப் படிக்கத் தகப்பன் அவனை இன்னொரு ஊருக்கு அனுப்பினான். "ஜஸ்ட் லைக் மீ!" என்று சிரிக்கிறாள். வரதராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிறகு? பெடியன் அந்தப் பாஷையைப் படிச்சவனோ?"

"யா, யா." பையைத் தோளில் மாட்டிக் கதவைத் திறக்கிறாள். ஈரக்காற்று உள்ளே வருகிறது. வாசலில் ரீச்சர் தமிழில் கூப்பிட, பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்தியபடி ஓடுகிறார்கள். வரதராஜா அவசரமாகக் கண்ணாடியை இறக்குகிறார். இந்தக் கேள்வியாவது அவளுக்குச் சரியாக விளங்கவேண்டும் என்ற பதற்றத்தில், ஆங்கிலத்திலேயே கேட்கிறார்:

"அண்ட் ஹிஸ் சில்ட்ரன்? டிட் தே ஸ்பீக் இட்?"

ஆரபி நின்று திரும்புகிறாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு அடங்குகிறது. கொஞ்சம் யோசித்து, சொல்லைத் தேடி எடுத்து, தமிழில் சொல்கிறாள்:

"தெரியாதப்பா."